இருபத்திரண்டு வயதுக்கு வெட்டிய தறிக்குழி

“...அந்தக் குழி வெட்டுனது அந்த ஆளுக்குங்க, உங்களுக்கு இல்ல. சொன்னா கேளுங்க, இன்னிக்கு ஒரு நாளு...” என்று என் மனைவி சரோஜா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தறிக்குழிக்குள் காலை விட்டுவிட்டேன். மீதியைக் கேட்கவில்லை. (பாதியைக் கேட்டதே அதிசயம் என்பது அவள் கட்சி.)

“அந்த ஆளு” என்று அவள் சொன்னது வேறு யாரையும் அல்ல. என்னைத்தான். இருபத்திரண்டு வயது என்னை.

ஆரணியில் எங்கள் தெருவில் எல்லாம் குழித்தறிதான். தரையில் குழி வெட்டி, மிதிகட்டைகளை அதற்குள் இறக்கியிருக்கும். நெய்கிறவன் குழி ஓரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட வேண்டும். மடிக்குச் சற்று மேலே, நெய்த சேலையைச் சுற்றிக்கொள்ளும் கனமான மரம் குறுக்கே போகும். எங்கள் வீடு சின்னது. அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிச் சுவர் வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் குழி வெட்ட வந்தவர் என்னை உட்காரவைத்து அளவெடுத்தார். “ஒல்லி ஆளு, எடம் ரொம்ப மிச்சம்” என்று சொல்லி, மரத்தை இன்னும் இரண்டு விரற்கடை நெருக்கி நட்டுவிட்டுப் போனார். அதை நான் ஒரு பட்டம் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது என் எடை நாற்பத்தாறு கிலோ. காட்பாடி ரயில் நிலையத்தில் காசு போட்டால் அட்டை தள்ளும் இயந்திரம் சொன்ன கணக்கு. சாப்பாடு? காலையில் பன்னிரண்டு இட்லி. மதியம் குன்று மாதிரி சோறு, அதன்மேல் குழம்பு, அதன்மேல் இன்னொரு குன்று. ராத்திரிக்கும் அதேதான், குன்று மட்டும் கொஞ்சம் சின்னது. கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார ஆள் வராது. பரிமாறுகிறவர் என் இலையிலேயே நின்றுவிடுவார், தங்களுக்கு ஒன்றும் வந்து சேராது என்று அவர்களுக்குப் பயம். “துன்றதெல்லாம் எங்கடா போவுது உனுக்கு?” என்று கேட்காத ஆள் தெருவில் கிடையாது. எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. போகிறது, அவ்வளவுதான். அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தைந்து தாண்டியதும் அது போவதை நிறுத்திக்கொண்டது.

முதலில் சட்டைகள் சுருங்கின. தைத்துக் கொடுத்தவரிடம் போய்ச் சண்டை போட்டேன். “அண்ணே, துணி சுருங்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். பிறகு வீட்டு நாற்காலி குறுகியது. பிறகு மொபெட் மேட்டில் ஏற மறுத்தது. (முன்பெல்லாம் முள்ளிப்பட்டில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு நடந்தே போய் நடந்தே வருவேன். மொபெட் வாங்கியபின் தெருமுனைக் கடைக்கும் அதில்தான் போனேன். இந்த விவரத்தை அப்போது யாரிடமும் நான் சொல்லவில்லை.)

சரோஜாவின் தம்பி தணிகாசலம் ஒரு ரைஸ் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். அவன்தான் ஒருநாள் எனக்கு இதை விளக்கினான்.

“மாமா, வயசுல உங்க ஒடம்பு எங்க மில்லு பாய்லர் மாதிரி எரிஞ்சுது. எவ்ளோ கொட்டுனாலும் சாம்பல்தான். இப்ப அது அகல்விளக்கு. அகல்விளக்குல ஒரு லாரி உமியக் கொட்டிகினு, ஏன் எரியலன்னு கேட்டா இன்னா அர்த்தம்?”

“டேய் மச்சான், நான் இன்னா புதுசாவா துன்றேன்? அதே பன்னெண்டு இட்லிதானேடா?”

“அதத்தான் மாமா சொல்றேன்.”

எனக்குப் புரியவில்லை. அதே இட்லி, அதே வாய், அதே ஆள். இதில் எடை மட்டும் எப்படி மாறும்? காட்பாடியில் மறுபடி காசு போட்டேன். எழுபத்தொன்பது என்று அட்டை வந்தது. பின்பக்கம், ‘உங்கள் முன்னேற்றத்தை யாராலும் தடுக்க முடியாது’ என்று அச்சாகியிருந்தது.

அன்றிலிருந்து உடம்பைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன், பதிலுக்கு எட்டு தோசை. காலை இட்லியை நிறுத்தினேன், பதினோரு மணிக்குப் பசி வந்து கண்ணை மறைத்ததால் பூரி. கடைசியில் விரதம் பிடித்தேன். கிருத்திகைதோறும் ஒருபொழுது, அதாவது நாள் முழுக்க ஒரே வேளைச் சாப்பாடு. அந்த ஒரு வேளையில் மூன்று வேளையையும் முடித்துக்கொள்ளக் கூடாது என்று முருகன் எங்கும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. விரதம் இருந்து ஐந்து கிலோ ஏறிய ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.

இனி அந்த ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன்.

தறியில் ஒரு முகூர்த்தச் சேலை இருந்தது. அரக்குச் சிவப்பு, ஆவணி மாதக் கல்யாணம், கண்ணமங்கலத்துப் பெண். அதே பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த அதே பட்டு நூலில், அடுத்த சேலை மணப்பெண்ணின் தங்கைக்கு. எனக்கு வேலை கொடுக்கும் முதலாளி, பெண்ணின் அம்மாவை அழைத்துக்கொண்டு அன்று நாலு மணிக்கு வந்து முதல் சேலையை வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே என் வேலை மந்தமாகிவிட்டது என்று அவருக்கு வருத்தம். இந்த இரண்டு சேலையும் ஒழுங்காகப் போனால்தான் அடுத்த பாவு என் வீட்டுக்கு வரும். இன்னும் ஒரு முழம் நெய்ய வேண்டியிருந்தது.

பூசை முடிந்து இலை போட்டார்கள். சாம்பார், வடை, அப்பளம், சேமியாப் பாயசம். விரதக்காரன் அல்லவா, மறு சோறு, மறு பாயசம், மறு மறு பாயசம். எழுந்து நேராகத் தறிக்கு வந்தேன். அப்போதுதான் சரோஜா அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். நான் மூச்சையெல்லாம் வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் வழுக்கி, தொந்தியை மரத்துக்கு அடியில் செருகி உட்கார்ந்தேன். பிறகு மூச்சை இழுத்தேன். மரம் ‘கிர்ர்’ என்றது.

நெய்தேன். அதில் குறை சொல்ல முடியாது. மூன்றே முக்காலுக்குக் கடைசி இழையும் விழுந்தது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன்.

எழவில்லை.

வயிறு மரத்துக்கு அடியில், முதுகு சுவரில். குழிக்குள் பாயசத்தில் ஊறிய சேமியா மாதிரி நான் உப்பிவிட்டிருந்தேன். மறுபடி மூச்சை விட்டுப் பார்த்தேன். மூச்சுதான் போயிற்று. வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

முதலாளி வந்தால் நெய்கிறவன் எழுந்து நிற்க வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமல்ல, ஆனால் எழாதவன் கிடையாது. அவர் உள்ளே வந்தார். நான் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

“இன்னாய்யா, பெரிய மனுஷன் ஆயிட்டியா?”

“இல்ல மொதலாளி... ஒரு இழை நிக்குது. எழுந்தா அறுந்துடும்.”

பெண்ணின் அம்மா உருகிப்போய்விட்டார். “அய்யோ பாவம், வேலைல இன்னா கவனம் பாருங்க! கிருத்திக விரதம் வேறயாமே. வாயில ஒண்ணும் படலியா?” என்று சொல்லி, ஆற்காட்டில் வாங்கிவந்த மக்கன்பேடாவில் இரண்டை எடுத்து என் கையில் வைத்தார். சுபகாரியத்துக்கு வந்தவர் கொடுக்கும் இனிப்பை மறுக்கக் கூடாது. மறுக்கவில்லை. (இரண்டாவதை மறுத்திருக்கலாம்.) அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சரோஜாவின் முகத்தை இங்கே நான் எழுதப்போவதில்லை.

சேலையை அறுக்கும் நேரம் வந்தது. எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றிச் சேலைக்குக் காட்டி, நெய்தவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுப்பது வழக்கம். கற்பூரம் எரிந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“மொதலாளி,” என்றேன், “இழை ஒண்ணும் நிக்கல. நான்தான் நிக்க முடியல.”

விஷயம் தெரு முழுக்கப் பரவ அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளியே சேலையை அறுத்து எடுத்து, மீதிப் பாவை மறுபடி மரத்தில் இழுத்துக் கட்டினார். தட்டைப் பிடித்திருந்த எதிர்வீட்டு அம்மா, அணைக்க மனமில்லாமல், அதே கற்பூரத்தை எனக்கும் மூன்று சுற்றுச் சுற்றினார். நானும் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தணிகாசலம் வந்து என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். கை மட்டும் வந்தது. ஒருவர் விளக்கெண்ணெய் என்றார். “பட்டுல எண்ண பட்டா யாரு பதில் சொல்றது?” என்று முதலாளி கத்தினார். இன்னொருவர் மரத்தைக் கழற்றலாம் என்றார். “மரத்துல கைய வெச்சீங்க, பாவு தளர்ந்து சிக்காயிடும். சின்னப் பொண்ணு சேலை போச்சு!” அவர் சொன்னது சரிதான். மரத்தைத் தொட்டால் பட்டு கெடும், தொடாவிட்டால் நான்.

“ரெண்டு நாளு பட்டினி போட்டா தானா வந்துடுவாரு” என்றான் தணிகாசலம்.

அப்போதுதான் சரோஜா பேசினாள். “செவுத்த இடிக்கலாம்.”

என் முதுகுக்குப் பின்னால் இருந்த மண்சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் சமையல்கட்டு. பாவின் மேல் தூசி படாமல் வேட்டியும் போர்வையுமாகப் போர்த்தினாள். கடப்பாரையோடு தம்பியை அந்தப் பக்கம் அனுப்பினாள். அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“மாமா, நீங்க எந்த எடத்துல இருக்கீங்கன்னு தெரில. செவுத்தத் தட்டிகினே இருங்க. தட்டுற எடத்த வுட்டுட்டு இடிக்கறேன்.”

தட்டினேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு சிரத்தையாக நான் தட்டியதில்லை. முதல் இடி காதோரம் விழுந்தது. “அய்யோ, நான் இங்க இருக்கேன்டா!” “எங்க மாமா?” “இங்க!” “ஜல்தியா சொல்லுங்க, இங்கன்னா எங்க?” இப்படியே கால் மணி நேரம். சுவர் சரிந்து ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்ததும், பின்பக்கமாகச் சாய்ந்தேன். மல்லாந்ததும் தொந்தி பரவி மரத்தை விட்டுவிட்டது. தணிகாசலம் அக்குளில் கைகொடுத்து இழுக்க, தறியில் இறங்கியவன் சமையல்கட்டில் வெளியே வந்தேன். உருண்டதில் தலை வந்து நின்றது, ஓட்டையோரம் இருந்த மீந்த பாயசத் தவலைக்குப் பக்கத்தில்.

இன்றும் எங்கள் வீட்டுப் பந்தியில் யாராவது இன்னொரு தோசை கேட்டால், “செவுரு தாங்குமா பாத்துக்க” என்பார்கள். என் பெண்ணைப் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாருக்கு, அவள் படிப்பைச் சொல்லும் முன்பே தணிகாசலம் இந்தக் கதையைச் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். கதை பிடித்ததா பெண் பிடித்ததா தெரியாது, சம்மதித்தார்கள்.

ஆனால் அன்று முதலாளி சிரிக்கவில்லை. சேலையை மடித்து மணப்பெண்ணின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அடுத்த சேலைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். நாளைக்கு ஆளு வருவான், பாவ அவுத்துக் குடுத்துடு. நீ இனிமே குழியில எறங்கற ஒடம்பு இல்லய்யா. பேஜாரு.”

சமையல்கட்டுத் தரையில் கிடந்த எனக்கு ஓட்டை வழியாக அது நன்றாகக் கேட்டது. இந்தத் தறி போனால் வேறு வேலை எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேச வாயைத் திறந்தேன். வாயில் மண்தான் இருந்தது.

சரோஜா தன் தலையில் விழுந்த மண்ணை உதறினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

“பாவு எங்கயும் போவாது மொதலாளி” என்றாள். “நான் முள்ளிப்பட்டுல பொறந்தவ, பத்து வயசுலயே தறியில உக்காந்தவ. குழியில எறங்கறப்பவே இவருகிட்ட சொல்ல வந்தேன். குழி வெட்டுனது அந்த ஆளுக்கு, உங்களுக்கு இல்ல, இன்னிக்கு ஒரு நாளு எந்திரிங்க, நான் உக்காந்து நெய்யறேன்னு. காதுல வாங்குனாத்தானே?”

பெண்ணின் அம்மா முதலாளியைப் பார்த்தார். முதலாளி மரத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

சரோஜா போர்வையை எடுத்துப் போட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சை இழுக்காமல், வயிற்றை எக்காமல், நாற்காலியில் உட்காருவதுபோலக் குழியில் இறங்கி உட்கார்ந்தாள். மரத்துக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. அந்த ஆளுக்கு எடுத்த அளவு அவளுக்கு அப்படியே பொருந்தியது. மிதித்துப் பார்த்தாள். குறுக்கு நூலோடு ஓடும் நாடாவைத் தட்டினாள். சத்தம் சரியாக இருந்தது.

பிறகு திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, சுவர் ஓட்டை வழியாகத் துழாவி, என் தலைமாட்டில் இருந்த பாயசத் தவலையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.