எஞ்சின் அணைந்தால் பண்டிகை

மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரில், பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்தக் காருக்கே தன்னைக் கொடுத்துவிட்டவர் தனி இனம். நடுங்கும் குளிரில், காருக்குள்ளேயே ரோமத் தொப்பியும் கையுறையுமாக, சாலையை விட்டுவிட்டு முன்னால் மின்னும் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு, எஞ்சின் அணையும் ஒவ்வொரு நொடியையும் பண்டிகையாகக் கொண்டாடியபடி ஒருவர் போகிறாரா? அவரேதான். ஹீட்டர் போட மாட்டார். போட்டால் எஞ்சின் விழித்துக்கொள்ளுமே!

நியம்தோர்ஜ் இந்த இனத்தில் முதல் தரம். பல் டாக்டர் ஊசி போட்டு வாய் மரத்த பிறகும் பேட்டரியைப் பற்றிப் பேசியவர்.

வெண்மாதப் புத்தாண்டின் முதல் காலை. மனைவி சரந்துயாவுக்கு ஒரே கவலை. மகள் வந்து முழங்கையைத் தாங்கி வணங்கும்வரை அவளுடைய அப்பா ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். எண்பத்து மூன்று வயது, போன மாதம்தான் நெஞ்சுவலியில் படுத்து எழுந்தவர்.

"ஏங்க, கடைசிக் கோடு மினுக்குது. பெட்ரோல் போட்டுட்டுப் போயிடலாம்."

"உனக்கென்ன தெரியும்? இது பெட்ரோலைக் குடிக்காது, மோந்துதான் பாக்கும்."

மாமனார் வீட்டுக்குப் போகும் வழியில், கணவாயின் உச்சியில் கற்குவியல் சாமி. எல்லோரும் மூன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். நம்மவர் காரோடு வலம் வந்தார்.

"பாத்தியா? மலை ஏறியும் மூச்சுச் சத்தம் இல்ல!"

திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். சத்தம் வராததற்குக் காரணம், பெட்ரோல் தீர்ந்திருந்தது. மூன்றாவது சுற்றில் பேட்டரியும் கையை விரித்தது.

"அப்பா பட்டினியா உக்காந்திருப்பாரு!" சரந்துயா அழுதேவிட்டாள். தம்பி பூரெவுக்குப் போன் போட்டாள். நியம்தோர்ஜ் 'புகைவண்டி' என்று கேலி செய்யும் பழைய ரஷ்ய ஜீப்பில் அவன் வந்து கயிறு கட்டினான். அக்காவை ஜீப்பின் கதகதப்பில் ஏற்றிக்கொண்டான்.

"மச்சான், நீங்க உங்க கார்லயே இருங்க. ஸ்டியரிங்கப் பிடிக்க ஆள் வேணும்."

போய்ச் சேர மதியமாகிவிட்டது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த கிழவர் கைகளை நீட்டினார். மகள் தாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் மருமகனிடம் கேட்டார்: "நல்லபடியா வந்தீங்களா?"

"பிரமாதம் மாமா! கடைசி இருபது கிலோமீட்டருக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்ல!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்புறம், நீங்கள் புதிதாக வாங்கிய பொருளைப் பற்றி வீட்டில் பேச்செடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் மெல்ல எழுந்து உள்ளே போகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.