பெட்டிக்காரரின் பதினான்காவது சுருள்

காவிரியின் இரு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், தோற்ற படங்களைப் பெட்டிக்காரரைப் போல நேசிக்கும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். பரமத்தி வேலூரில் லாரிப் படுதா விற்பவர். கடையில் பாதி இடம் படுதாவுக்கு. மீதி, பழைய படச்சுருள்கள் அடைத்த தகரப் பெட்டிகளுக்கு. எல்லாம் மூன்றே நாளில் கொட்டகையை விட்டு எடுக்கப்பட்ட கிராமத்து நகைச்சுவைப் படங்கள். நாலாம் நாளும் ஓடியிருந்தால் தொடமாட்டார்.

"நல்ல படத்துல எல்லாரும் நடிப்பாங்க. இதுல பாருங்க, ஹீரோ அழுவுறான், குறுக்க ஒரு கோழி போவுது. பின்னால நிக்கற சனமெல்லாம் கோழியத்தான் பாக்குது. பெரிய கம்பெனியா இருந்தா வெட்டி எறிஞ்சிருப்பாங்க" என்பார்.

அவருக்கு ஒரே குறை. காணாமல் போன எருமையைத் தேடும் படம் ஒன்றில் பதினான்கு சுருள். அவரிடம் இருப்பது பதின்மூன்று. கடைசிச் சுருள் சேலத்துப் பீங்கான் கடை பாயிடம் இருந்தது. பாயிடம் முதல் பதின்மூன்றும் இல்லை. சுருளை வெளியே கொடுப்பதில்லை என்பதில் இருவரும் ஒரே கட்சி. தினமும் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி.

"ஏனுங்க பாய், எருமை கெடச்சுதுங்களா?"

"அது இருக்கட்டும். கடைசியில மாமனார் ஏன் சேலை கட்டிட்டு நிக்கிறாரு? அதச் சொல்லுங்க மொதல்ல."

"நானாச் சொல்லுவனுங்களா?"

ஒன்பது வருடமாக இதே பேச்சு. "பாய்கிட்டப் பேசினாத்தான் இவருக்குச் சோறு எறங்குதுங்க. நாங் கூப்புட்டா காது கேக்காது" என்பார் அவர் மனைவி.

அவரவர் பெட்டியோடு ஒரே இடத்தில் உட்காரலாமே என்று போன மாதம் நான்தான் சமரசம் பேசினேன். பாய் சுருளைத் துண்டில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்காரர் கடை ஜன்னல்களில் படுதா தொங்கியதும் நடுப்பகல் இருட்டானது. திரைக்கு ஒரு வேட்டி. ஏழாவது சுருளில் மாமனாரின் சேலைக்குக் காரணம் தெரிந்தபோது பாய் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதின்மூன்று முடிந்தது. பாய் துண்டை அவிழ்த்தார். பெட்டிக்காரர் புரொஜெக்டருக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்தார்.

"பெல்ட்டு அறுந்துபோச்சுங்க பாய். இன்னொரு நாளைக்குத்தான் பாக்கோணும்."

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். அறுபடாத பெல்ட் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

பாய் சுருளைத் திரும்பத் துண்டில் கட்டிக்கொண்டார். வழியனுப்பப் போன என்னிடம் பஸ் நிலையத்தில்தான் சொன்னார்.

"பெல்ட்டு அவர் பையில இருந்ததை நானும் பாத்தேன் தம்பி. முடிவு தெரிஞ்சுட்டா நாளைக்கு எதுக்குப் போன் பண்ணப் போறாரு?"

எருமை கிடைத்ததா என்று கேட்க எனக்கும் மனம் வரவில்லை. அடுத்த முறையும் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.