சிடுமூஞ்சி ஃபைனல்

ஒருவருக்கு நாம் வைக்கிற பட்டப்பெயர் அவர் காதில் விழாத வரைக்கும்தான் தமாஷ். எனக்கு இந்த ஞானம் வந்தது இருபத்திரண்டு வயதில், சிவகாசியில், சந்தனம் குங்குமம் வைத்த ஒரு கம்ப்யூட்டர் முன்னால். பெயரைச் சொன்னது நானில்லை, கம்ப்யூட்டர். ஆனால் அதற்குச் சொல்லிக் கொடுத்தது நான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். ஒரு அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். நாளெல்லாம் பட்டாசு லேபிள்தான் வேலை. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஃபைலையும் முதலாளிமார் பெயரில் சேமிக்க மாட்டோம். ஊரில் பாதிப் பேருக்குச் சாமி பெயர், அதுவும் அதே நாலைந்து சாமிகள். சீசன் நெருக்கடியில் ஒருத்தர் லேபிளில் இன்னொருத்தர் கம்பெனி பெயர் அச்சாகிவிடும். (ஒரு தடவை ஆகியும் இருக்கிறது. யாரால் என்பது இங்கே வேண்டாம்.) அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். வரும்போதெல்லாம் எங்கள் செலவில் காபி குடித்துவிட்டுப் போகும் ஏஜென்ட் ‘ஓசி காபி’. நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி ‘சிடுமூஞ்சி’. அவர் சிரித்து அச்சகத்தில் யாரும் பார்த்ததில்லை.

அந்த அண்ணாச்சிக்குத்தான் திடீரென்று வெப்சைட் ஆசை வந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒன்று வைத்துவிட்டார், வேறு காரணம் வேண்டுமா? விருதுநகரில் மூன்று மாதம் கோர்ஸ் படித்திருந்த நான், கேட்பதற்கு முன்னாலேயே “நான் செய்றேன் அண்ணாச்சி” என்று முந்திக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது லேபிள். ஆகவே வெப்சைட்டையும் லேபிளாகவே செய்தேன். தமிழ் எழுத்து அடுத்தவர் கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் அது. அதற்கும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தையும் படமாகவே வரைந்துவிட்டேன். கம்பெனி பெயர் படம், முகவரி படம், விலைப்பட்டியல் மொத்தமும் படம். திறந்ததும் ராக்கெட் கிளம்பி டமால் என்று வெடிக்கும். அழகில் சொக்கிப்போய் நானே ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையில் உண்மையான கவலை ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் கோமதியக்கா. அண்ணாச்சி கம்பெனியில் எட்டு வருடமாக போனில் ஆர்டர் எடுப்பவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. நூற்றுச்சொச்சம் பட்டாசின் விலையும் அவளுக்கு மனப்பாடம், கூப்பிடுகிற ஏஜென்ட் ‘ஹலோ’ என்றாலே எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அந்த சீசனிலிருந்து விலை வாராவாரம் மாறும், கம்ப்யூட்டரில் வெப்சைட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாகிவிட்டது. வேறு ஆள் போடலாம் என்றார் அண்ணாச்சியின் மருமகன். அதைக் கேட்டதும் அக்கா மதுரைக்குப் போய், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பழகிவிட்டு வந்தாள். திறப்புவிழா அன்றைக்கு அவளே வாசித்துக் காட்டட்டும், முடிந்தால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

முந்தின வாரம் அக்கா என்னைத் தேடி அச்சகத்துக்கே வந்தாள்.

“ஏ செல்வி, நீ செய்றது எனக்கு வாசிக்கும்ல? ஒரு தடவை போட்டுப் பாத்துருவமா?”

“அதெல்லாம் வாசிக்கும்க்கா. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா?” என்றேன்.

கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் அன்றைக்கு ஊரில் எல்லோருடைய அபிப்பிராயமும். தொடாதவர்களுக்கு அது இன்னும் உறுதியாக இருந்தது. தொட்ட எனக்கும் இருந்ததுதான் கேவலம்.

வெள்ளிக்கிழமை காலை, அண்ணாச்சி கம்பெனியில் திறப்புவிழா. தேங்காய் உடைத்து, மானிட்டருக்கு மாலை போட்டாயிற்று. ஏஜென்ட்கள் காபி டம்ளரோடு சுற்றி நின்றார்கள். ராக்கெட் வெடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலைகுனிந்து அடக்கமாக நின்றேன். (அந்த அடக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.) அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினாள்.

படத்துக்கு நாம் விளக்கம் எழுதி வைக்காவிட்டால் அந்த மென்பொருள் சும்மா இருக்காது, படத்தின் ஃபைல் பெயரை வாசித்துவிடும். இது எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் நடுநாயகமாக அண்ணாச்சியின் போட்டோ. ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரக் குரல் நிதானமாகச் சொன்னது:

“கிராஃபிக். சிடுமூஞ்சி ஃபைனல்.”

வெள்ளைக்கார உச்சரிப்பாக இருந்ததால் யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்த அக்கா, நல்ல மனசோடு சத்தத்தைக் கூட்டி இன்னொரு தடவை தட்டினாள். இந்த முறை வாட்ச்மேனுக்கே புரிந்தது. கீழே ஏஜென்ட்களின் போட்டோக்களையும் வைத்திருந்தேன். அடுத்த தட்டலுக்கு “ஓசி காபி நியூ” என்றது. அந்த ஏஜென்ட் கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேஜை மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வெளியூர் ஏஜென்ட், சக்கரம் ஒரு பெட்டி புது விலை என்ன என்று கேட்கிறார். அக்கா விலைப்பட்டியலுக்குப் போனாள். “விலை ஃபைனல்” என்றது. மறுபடி தட்டினாள். “விலை கடைசி ஃபைனல்.” மறுபடி. “சாமி சத்தியமா இதான் கடைசி.” என் ஃபைல் பெயர்கள்தான் வந்தன, விலை வரவில்லை. அக்காவின் விரல்கள் பொத்தான் மேல் நின்றுவிட்டன. போனைக் கையால் பொத்திக்கொண்டு, “செல்வி, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லேன்” என்றாள். வாசித்தேன். அதை அக்கா போனில் திருப்பிச் சொன்னாள்.

ஒரு வேலைக்கு ரெண்டு ஆளா என்று மருமகன் ஆரம்பித்தார். அதுவரை என் மானம் போனதுதான் பெரிசாக இருந்தது எனக்கு. அக்கா முகத்தைப் பார்த்ததும் அது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஏஜென்ட் ஒருத்தர், இவர்களுக்கெல்லாம் சட்டம் இருக்கிறது அண்ணாச்சி, லேசாக வேலையை விட்டு எடுக்க முடியாது என்று அபிப்பிராயம் சொன்னார். அண்ணாச்சி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, எங்க கம்பெனியில ரூமு ரூமுக்கு வெளிய போர்டு எழுதியிருக்கே, பாத்திருக்கியா? உள்ள என்ன வேலை, எம்புட்டு மருந்து, எத்தனை பேரு. சட்டம் சொல்லித்தான் எழுதுனோம். உள்ள இருக்கிறவனுக்குத் தெரியும்ல, எதுக்குப் போர்டுன்னு முதல்ல நானே கேட்டேன். தெரியாம வர்றவனுக்குத்தான்மா போர்டு. நீ கட்டுனதுல ஒரு ரூமுக்கும் போர்டு இல்லை. இருக்கிற ஒண்ணுலயும் என்னைய வஞ்சு வச்சிருக்க.”

நான் அழ ஆரம்பித்தேன். அண்ணாச்சி மருமகனிடம், “கட்டுனது நொட்டைன்னா கொத்தனாரை மாத்தணும், குடியிருக்கிறவளை மாத்தச் சொல்றீகளே” என்றார். எனக்கு ஒரு வாரம் கெடு. அக்கா தலையாட்டினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

அந்த வாரம் அச்சகம் முடிந்து நேரே அவளிடம் போனேன். அந்த மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துதான் வாசிக்க வரும் என்பதால், விலைப்பட்டியல் முழுவதையும் தமிழையே ஆங்கில எழுத்தில், படமாக இல்லாமல் எழுத்தாகவே அடித்தேன். நான் அடிக்க, அவள் தட்டிக் கேட்டு, “ஊசிவெடிக்கு விலை இல்லை, போடு” என்பாள். ராக்கெட் சத்தத்தை முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டாள். கடைசியில் அண்ணாச்சி போட்டோவுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

“அவுக பாக்க எப்பிடி இருப்பாக? எட்டு வருசமா குரல்தானே தெரியும்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தை நான் ஒழுங்காகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. நெற்றியில் மடிப்பு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார், அவ்வளவுதான். அதையே எழுதினேன்.

கெடு முடிந்த அன்றைக்கு அக்கா தட்டினாள். “முதலாளி. வெள்ளைச் சட்டை. வெயிலில் நிற்கிறார்” என்றது வெள்ளைக்காரக் குரல். போன் அடித்தது. சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு, ஊசிவெடி என்று அக்கா மூன்று விலையையும் மளமளவென்று சொல்லி, பத்துப் பெட்டி ஆர்டரும் வாங்கிவிட்டுத்தான் வைத்தாள். மருமகன் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். எனக்கு மறுபடி அழுகை வந்தது, இது வேறு அழுகை.

அக்கா இப்போது அந்தக் கம்பெனியின் ஆர்டர் பிரிவுக்கே தலைவி, கீழே நாலு பேர். எனக்கும் மற்றவர்கள் செய்த வெப்சைட்டுகளுக்குப் போர்டு இருக்கிறதா என்று பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. வீட்டில் நான் “இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துட்டேன்” என்றால் என் மகள் வெள்ளைக்காரக் குரலில் “சாமி சத்தியமா இதான் கடைசி” என்கிறாள்.

அக்காவிடம் இருப்பது கூப்பிடுகிற ஆளின் பெயரைச் சத்தமாகச் சொல்லும் போன். என் நம்பரை அவள் என்ன பெயரில் சேமித்திருக்கிறாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. போன வாரம் கூப்பிட்டேன். போன் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்ன பிறகு எடுத்தவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பின்னால், பக்கத்து அறையிலிருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது.

“கோமதி, என்னையவா கூப்பிட்ட?”