மூலைவீட்டுச் சுவர்

"மாப்ள வூட்டுக்காரங்க ஞாயித்துக்கெழம வர்றாங்க. செவுரப் பாத்தியா? எவ்ளோ கலீஜா கீது!" என்றாள் மலர்க்கொடி.

அவள் புருஷன் சின்னப்பையன் பார்த்தான். போன வருஷத்துப் பார்லிமென்ட் தேர்தல் சின்னங்கள் அழிந்தும் அழியாமலும் சுவரில் கிடந்தன. அதற்குள் தொண்ணூற்றொன்பதில் மறுபடியும் தேர்தல்.

மகள் மகிழினிக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருந்தன. இந்த மாப்பிள்ளை பாரி, எண்ணூரில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். அவன் போட்டோவை வாங்கிப் பார்த்த மகிழினி இன்னும் திருப்பித் தரவில்லை. இதுவும் தட்டிப்போனால் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று சின்னப்பையனுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன் சுண்ணாம்புக்கும் கூலிக்கும் எங்கே போவான்?

திருவொற்றியூரில் அவன் வீடு தெருமுனையில் இருந்தது. மெயின் ரோட்டில் போகிற எல்லா பஸ்ஸிலிருந்தும் அந்தச் சுவர் தெரியும். ஹார்பர் கூலி, மீன் ஏலக்காரர், ஃபேக்டரிக்காரர், பாய் கடை என்று கலந்து கிடக்கும் அந்தத் தொகுதியில் யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று எந்தக் கட்சிக்கும் பிடிபட்டதில்லை. ஆளைப் பிடிக்க முடியாதவர்கள் சுவரைப் பிடித்தார்கள்.

சின்னப்பையன் சீப்புக் கட்சி வட்டச் செயலாளர் தவசிமுத்துவிடம் போனான்.

"செவுரு உனுக்குத்தான் தலைவரே. இப்ப வெள்ளை மட்டும் அடிச்சுக் குடு. சின்னத்த திங்கக்கெழம எழுதிக்க."

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வெள்ளையும் அடித்தாகிவிட்டது, ஆளுயரச் சீப்பும் எழுதியாகிவிட்டது. தலையையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டிய பெயிண்டர் ஏணியில் நின்றான்.

"தள்ளி நில்லு நைனா, மேல தெறிக்கும்."

"திங்கக்கெழமன்னு சொன்னேனேப்பா!"

"அதுக்குள்ள பூட்டுக் கட்சிக்காரன் புடிச்சுக்குவானாம்."

சரி, பளிச்சென்றாவது இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அப்போதுதான் மகிழினி மெதுவாக வந்தாள்.

"நைனா, மாப்ளயோட அப்பா பூட்டுக் கட்சியாம். சீப்பப் பாத்தா வாசப்படியே மிதிக்க மாட்டாராம்."

"யாரு சொன்னது?"

"சொன்னாங்க."

சின்னப்பையன் சட்டையை மாட்டினான். பூட்டுக் கட்சி அப்துல் வஹாபிடம் ஓடினான். காலில் விழாத குறை. மறுநாள் சீப்பு போய்ப் பூட்டு வந்தது. ஏணியில் அதே துண்டு.

"நீ சீப்புக்காரன் ஆளாச்சே?"

"இந்தத் தொகுதில எழுதற கை கொஞ்சந்தான் நைனா. யாரு கூப்டாலும் போவோம்."

மகிழினி டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். "நேத்தும் டீ, இன்னிக்கும் டீ. பாலு இன்னா சும்மாவா வருது?" என்று மலர்க்கொடி முணுமுணுத்தாள்.

தவசிமுத்து ஆட்களோடு வந்து தெருவே கூடும்படி சத்தம் போட்டார். சின்னப்பையன் கையெடுத்துக் கும்பிட்டுப் பாதிச் சுவரை அவருக்கு விட்டுக்கொடுத்தான். பெயிண்டர் மறுபடியும் வந்தான். டீயும் மறுபடியும் போனது. பூட்டில் பாதி போய் அரைச் சீப்பு முளைத்தது.

"பாதிப் பூட்ட வெச்சுகினு எந்தக் கதவப் பூட்றது மாமு?" என்று எகிறினார் அப்துல் வஹாப்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பெஞ்சு போட்டுச் சுவருக்குக் காவல் உட்கார்ந்திருந்தபோது, ஆட்டோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா செங்குட்டுவன் சுவரையே வெறித்துப் பார்த்தார். சின்னப்பையன் ஓடிப்போய்க் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்கணும் சம்பந்தி. உங்க பூட்டத்தான் முழுசா எழுத வெச்சேன். அப்பால பேஜாராயிடுச்சு."

"எங்க பூட்டா? எனுக்குக் கட்சியே கெடயாதே! யாரு சொன்னது?"

சின்னப்பையன் மகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சட்டென்று கதவுக்குப் பின்னால் போனாள். மாப்பிள்ளை பாரி குனிந்த தலை நிமிரவில்லை.

அவனுடைய அம்மா சீனியம்மாள் சுவர்ப் பக்கத்தில் போய், சீப்பையும் பூட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கதவு இடுக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

"லாரிக்கு எழுதற எம்புள்ளைக்கு ஒரு செவுரு எழுத அரை நாளு போதும். மூணு நாளு தலையில துண்டக் கட்டிகினு இந்த ஒரே செவுத்துக்கு எதுக்குக் கெளம்புனான்னு இப்பத்தான் தெரியுது!"