ஒற்றை மரவள்ளிப் புரதம்

சுமாராகப் பாடம் நடத்தும் வாத்தியாரால் யாருக்கும் பெரிய ஆபத்து கிடையாது. தனக்குப் பிரமாதமாகப் பாடம் நடத்த வரும் என்று நம்புகிற வாத்தியார்தான் ஊருக்கு ஆகாதவர். இருபத்தாறு வயதில் நான் இரண்டாம் வகை. (இப்போது எந்த வகை என்று என் மனைவியிடம் கேட்காதீர்கள்.)

அப்போது கல்வராயன் மலையில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். பிளஸ் டூவுக்கு விலங்கியல். தற்காலிகம் என்றால் ஏப்ரலோடு சரி. ஜூனில் மறுபடி கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் உளுந்தூர்பேட்டை பைபாஸில் என் மாமா நடத்தும் பரோட்டாக் கடையில் சால்னா வாளியோடு நிற்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு மணலூர்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்து, எல்லாம் பேசி, ஓர் இடத்தில் வந்து நின்றுபோயிருந்தது. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் புடிச்சிருக்குது மாப்ளே. வர்ற வருஷமும் வேலை இருக்குதுன்னு ஒரு வார்த்தை வந்துட்டா, மறுநாளே தாம்பூலம் மாத்திக்கலாம்" என்று சொல்லியிருந்தார். பெண் பெயர் தமிழரசி. ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். ஆனால் அன்றிலிருந்து கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் மலையேறி முடிக்கும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டு வருவேன். கண்டக்டர் இரண்டு முறை என்னை விசாரித்திருக்கிறார்.

எங்கள் தலைமையாசிரியர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "இந்த மாசக் கடைசியில கல்வி ஆபீஸ்லருந்து ஒரு அம்மா ஆய்வுக்கு வராங்க சார். உங்க வகுப்பப் பாத்துட்டு பதிவேட்டுல ரெண்டு வரி எழுதுவாங்க. நல்லதா எழுதிட்டாங்கன்னா அத வெச்சே அடுத்த வருஷத்துக்கும் உங்கள கேட்டு வாங்கிடுவேன். இன்னா பண்றீங்களோ பண்ணுங்க."

இன்னா பண்ணுவது? கரும்பலகையில் ஒழுங்காகப் பாடம் நடத்தியிருக்கலாம். அது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அப்போது மரபுக் குறியீடு பாடம் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பில் எந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது என்கிற செய்தி, ஏ, யு, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் ஆர்.என்.ஏ. இழையில் எழுதப்பட்டிருக்கிறது. அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு கோடான். ஒரு கோடானுக்கு ஓர் அமினோ அமிலம். ஏ-யு-ஜி வந்தால் ஆரம்பி என்று அர்த்தம், மெத்தியோனின் என்கிற அமிலம் முதலில் வந்து உட்காரும். யு-ஏ-ஏ மாதிரி சில கோடான்களுக்கு அமிலம் கிடையாது. அவை வந்தால் நிறுத்து. இதை இருபது பிள்ளைகளை வைத்து மைதானத்தில் உயிரோடு நடத்திக் காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

பதினைந்து பேர் எழுத்துகள். ஆளுக்கொரு அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அலமேலு என்கிற மாணவி ரைபோசோம், அதாவது வரிசையைப் படித்துக்கொண்டே நகரும் இயந்திரம். மீதி நான்கு பேர் அமினோ அமிலங்களைத் தூக்கி வருகிறவர்கள். அமிலத்துக்கு மலையில் என்ன பஞ்சம்? மெத்தியோனினுக்கு மரவள்ளிக் கிழங்கு, அலனினுக்கு மக்காச்சோளக் கதிர், ஃபினைல்அலனினுக்குக் கடுக்காய் மூட்டை, லைசினுக்குப் பலாப்பிஞ்சு. அலமேலு கோடானைப் படிக்கப் படிக்க, அதற்குரிய பிள்ளை ஓடிவந்து தன் பண்டத்தை ஒரு நீளமான கயிற்றில் கட்ட வேண்டும். நான்கும் கட்டி முடிந்ததும் அதுதான் புரதம். அந்தப் புரதத்தையே வந்திருக்கும் அம்மாவுக்கு மாலையாகப் போடுவது என்று திட்டம். (ஆமாம், பலாப்பிஞ்சோடு சேர்த்துத்தான். எனக்கு அப்போது யாரும் சொல்லித் திருத்தவில்லை.)

பத்து நாள் ஒத்திகை. பிள்ளைகள் ஒருமுறைகூடத் தப்புச் செய்யவில்லை. நானும் ஒத்திகைக்கு ஒத்திகை வசனத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். "நிறுத்து கோடான் வந்துட்டா அவ்வளவுதான். கலெக்டரே வந்து நின்னு கேட்டாலும் ரைபோசோம் ஒரு அடி நகரக் கூடாது" என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். அலமேலு அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒத்திகையெல்லாம் கைதட்டி ஆரம்பிப்பேன். ஆய்வு நாளன்று, கைதட்டல் சப்பென்று இருக்குமே, கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று பி.டி. மாஸ்டர் ஏழுமலையிடம் போய், "அம்மா வந்து உக்காந்ததும் ஒரு விசில் ஊதுங்க சார்" என்று கேட்டுக்கொண்டேன். நான் கெட்டது அந்த விசிலில்தான்.

ஜீப் வந்தது. அந்த அம்மா இறங்கி, வணக்கம் சொல்லி, வேப்பமரத்தடி நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்தார். ஏழுமலை விசில் ஊதினார்.

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம். காலை அசெம்ப்ளிக்கு விசில் கேட்டதும் பிள்ளைகள் உயர வரிசையில் நின்றுவிட வேண்டும். முன்னால் குள்ளம், கடைசியில் நெட்டை. ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருஷமாக ஏழுமலை பழக்கிய பழக்கம். தூக்கத்தில் ஊதினாலும் எழுந்து உயர வரிசையில் நின்றுவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்கள். நான் பத்து நாள் பாடுபட்டு நிறுத்திய ஆர்.என்.ஏ. மூன்று வினாடியில் கலைந்து, குள்ளத்திலிருந்து நெட்டை வரை கனகச்சிதமாக நின்றது. பின்னால் ஏழுமலை பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

திருத்தலாமா என்று ஓர் அடி வைப்பதற்குள் அலமேலு படிக்க ஆரம்பித்துவிட்டாள். முன்னால் நின்ற குள்ளர்கள் இருவரும் யு, யு. ஆரம்பி கோடான் இன்னும் வராததால் சரியாகவே இரண்டு பேரையும் தாண்டினாள். அடுத்து நின்ற மூவரைப் பார்த்தாள். ஏ, யு, ஜி.

"ஏ-யு-ஜி. மெத்தியோனின்" என்று கணீரென்று சொன்னாள். மரவள்ளிக்காரன் ஓடிவந்து கிழங்கைக் கயிற்றில் கட்டினான். அந்த அம்மா கைதட்டினார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த மூவரைப் பார்த்தேன். யு, ஏ, ஏ.

"யு-ஏ-ஏ. நிறுத்து கோடான்" என்று சொல்லிவிட்டு அலமேலு நின்றாள். மக்காச்சோளமும் கடுக்காயும் பலாப்பிஞ்சும் அப்படியே ஓரமாக நின்றன.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேல போ" என்றேன்.

"போவக் கூடாது சார்."

"அலமேலு, சொன்னா கேளு. அடுத்தத படி."

"சார், நீங்கதான சொன்னீங்க, ஸ்டாப் வந்துட்டா கலெக்டரே கேட்டாலும் ஒரு அடி நவுரக் கூடாதுன்னு. இவங்க கலெக்டர்கூட இல்லியே சார்."

நாற்காலியில் இருந்த அம்மா இருமினார். சிரிப்பை விழுங்கினார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு மணலூர்பேட்டையும் சால்னா வாளியும் மாறி மாறிக் கண்ணில் தெரிந்தன. உடனே ஒரு கேவலமான காரியம் செய்தேன். அந்த அம்மாவிடம் திரும்பி, "மன்னிக்கணும் மேடம். பிள்ளைங்களுக்கு இன்னும் சரியாப் புரியல. மலைப் பிள்ளைங்க, கொஞ்சம் நேரம் பிடிக்கும்" என்றேன். இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. அந்தப் பிள்ளைகள் அன்று எதையும் தப்பாகச் செய்யவில்லை. தப்பு அத்தனையும் என்னுடையது, அதைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "இங்க வாம்மா. நான் தமிழ் படிச்சவ. எனக்கு இந்த விஷயம் தெரியாது. ஏன் நின்னுட்ட, சொல்லு பார்ப்போம்" என்று அலமேலுவைக் கூப்பிட்டார்.

அலமேலு சொன்னாள். மூன்று எழுத்துக்கு ஓர் அமிலம், எழுத்தின் வரிசை மாறினால் செய்தியே மாறிவிடும், இருக்கிற வரிசையைத்தான் ரைபோசோம் படிக்க முடியும், அதுவாக நினைத்ததைப் படிக்க முடியாது என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில், "விசில் ஊதினதுல எல்லாரும் ஹைட்டுக்கு நின்னுட்டாங்க மேடம். அதான் புரதம் இத்தினியூண்டா நின்னுபோச்சு. வரிசைக்கு இதான் சரி" என்று முடித்தாள். நான் பத்து நாளாகச் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

"அப்போ இதான் சரியான விடையா?"

"இதான் மேடம்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி நிரலில் அடுத்து மாலை அணிவித்தல் என்று இருந்தது. எங்கள் பள்ளியில் நிரலில் ஏறியது நடந்தே தீரும். இரண்டு மாணவிகள் பயபக்தியோடு வந்து, ஆறு முழக் கயிற்றில் ஒற்றை மரவள்ளிக் கிழங்கு தொங்கிய அந்தப் புரதத்தை அம்மாவின் கழுத்தில் போட்டார்கள். கிழங்கு அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. மண்ணைக்கூடச் சரியாகக் கழுவியிருக்கவில்லை. அந்த அம்மா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அலுவலக அறைக்கு நடந்தார். பின்னால் ஏழுமலை என் காதோடு, "விசிலு நல்லா கேட்டுச்சா சார்?" என்றார்.

சாயங்காலம் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். தலைமையாசிரியர் சொன்ன மாதிரியே சரியாக இரண்டு வரி. "மாணவர்கள் பாடத்தை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியருக்குக் கூடுதல் பயிற்சி தேவை."

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் எழுந்து நின்று "தேங்க் யூ சார்" என்றார்கள். பிறகு அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். தமிழரசியின் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, பாதி கட்டிய பெட்டி அறையில் அப்படியே கிடந்தபோது, தலைமையாசிரியர் கையில் ஒரு தாளோடு வந்தார். "இன்னா சார், பெட்டியெல்லாம் கட்டிக்கினு இருக்கீங்க?"

"பதிவேட்டுல அப்படி எழுதிட்டாங்களே சார்."

"எழுதிட்டாங்க. எழுதுனதுக்கு இன்னா நடவடிக்க எடுத்தீங்கன்னு இப்ப ஆபீஸ்லருந்து கேட்டிருக்காங்க. பயிற்சி ஆகஸ்ட்லதான் வெக்கிறாங்க. உங்கள அனுப்பிட்டா நான் யாருக்குய்யா பயிற்சி குடுக்கறது? ஜூன்ல ஒழுங்கா வந்து சேருங்க."

நல்லதாக எழுதியிருந்தால்கூட வேலை கிடைத்திருக்குமோ என்னவோ. மோசமாக எழுதியதால் என்னை விட முடியாமல் போய்விட்டது. தமிழரசியின் அப்பா பள்ளிக்குப் போன் போட்டு விசாரித்தபோது தலைமையாசிரியர், "அவருக்கு ஸ்பெஷலா டிரெய்னிங் போட்டிருக்காங்க, எங்கயும் வுடமாட்டோம்" என்றிருக்கிறார். மாமனார் அதை ஏதோ விருது என்று நினைத்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றும் நேரத்தில்தான் தலைமையாசிரியர் முழுக் கதையையும் சொன்னார். பெண் வீட்டார் இலையை மறந்து சிரித்தார்கள். தமிழரசி மட்டும் சிரிக்காமல் அந்த இரண்டு வரியையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. போன வாரம் மகளுக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லித்தருகிறேன் என்று சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினேன். அரைமணி நேரத்தில் அவள் மணி பார்க்கக் கற்றுக்கொண்டாள். கடிகாரம் நின்றுவிட்டது. தமிழரசி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகள்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கற்ற அதே நிதானத்தில், "எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா. ஆசிரியருக்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை" என்றாள்.