குப்பை வண்டிப் பாட்டும் என் கடைசி அத்தியாயமும்

திண்டிவனம்

அன்புள்ள மைத்துனர் அரங்கநாதனுக்கு,

உன் மாமா மணிமாறன் எழுதுவது. விழுப்புரத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள். இங்கு நான் நலம். மிகவும் நலம். அதை நிரூபிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால் உன் அக்கா தையல்நாயகி பிடுங்கிக்கொள்கிறாள்.

எனக்குக் காத்து கருப்பு அடித்துவிட்டதாம். வரும் அமாவாசைக்கு நீ காரோடு வந்து என்னை மேல்மலையனூருக்கு அழைத்துப் போகிறாயாம். இனிமேல் குப்பை வண்டியில் ஏறமாட்டேன் என்று அங்காளம்மன் முன்னால் சத்தியம் வாங்கப் போகிறீர்களாம். வேண்டாம் மச்சான்! என் நாவலுக்கு ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி.

நடந்ததைக் கேள். ஓய்வு பெற்றதும் நாவல் எழுத உட்கார்ந்தேன். கதாநாயகி சங்கவி கதவைத் திறக்கக் கையை நீட்டினாள். நீட்டியவள் மாதக்கணக்கில் அப்படியே நின்றாள். ஒருநாள் காலை தெருவுக்குப் புதுக் குப்பை வண்டி வந்தது. அதன் ஸ்பீக்கரில் மக்கும் குப்பை, மக்காத குப்பை பற்றித் துள்ளலாக ஒரு பாட்டு. கதவு திறந்துவிட்டது! இதில் அதிசயமென்ன? பதினாறாம் வாய்ப்பாடு ஏறாத பிள்ளைக்கு ராகம் போட்டுச் சொன்னால் அன்றைக்கே ஏறிவிடும். நிலத்தில் மல்லாட்டைச் செடி பறிக்கிற பெண்களின் பாட்டை நிறுத்திப் பார், கையும் நின்றுவிடும். வாக்கியமும் அப்படித்தான். ஆனால் வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் சங்கவி பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். நான் என்ன செய்வேன், நோட்டோடு வண்டி பின்னாலேயே ஓடினேன்.

குப்பை வாங்கும் அமலா மிரண்டுபோனாள். "சார், எழுதிக்கினே வர்றீங்களே, எங்க மேல கம்ப்ளைண்டா?"

"இல்லம்மா, நாவல் எழுதறேன்."

"ஓடிக்கினேவா? உக்காந்து எழுதுனா வராதா சார்?"

"வரலையேம்மா."

டிரைவர் செல்வகுமார் இறங்கி வந்தான். "எங்கனா உழுந்து வெச்சீங்கன்னா எனக்குப் பேஜாரு. முன்னாடி ஏறிக்குங்க சார்."

ஏறினேன். அத்தியாயங்கள் பறந்தன மச்சான்! அதற்குள் எதிர்வீட்டு வெள்ளையம்மாள் உன் அக்காவிடம் ஓடி, "ஐயோ, உங்க ஊட்டுக்காரர குப்ப வண்டில ஏத்திக்கினு போறாங்கோ!" என்று கத்தியிருக்கிறாள். அதுதான் உனக்கு வந்த போன்.

அந்தப் பாட்டைச் செல்போனில் பதிவு செய்து வீட்டிலேயே எழுதக்கூடாதா என்று கேட்பாய். அதையும் செய்தேன். மெதுவாக வைத்தால் ஒரு வரிகூட வரவில்லை. மத்தியானம் சத்தமாகப் போட்டதுதான் தாமதம், உன் அக்கா கூடையோடு வாசலுக்கு ஓடினாள். தெருவே வாளியோடு வந்து வெயிலில் நின்றது. வண்டியைக் காணோம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல என்னிடம் தமிழ் இல்லை.

வேலையில் சேரக் கிளம்பிய சங்கவி இப்போது விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கிறாள். ரயில் வந்துவிட்டது. ஏறுவாளா, வீட்டுக்குத் திரும்புவாளா என்று எனக்கே தெரியாது. "ஏறச் சொல்லுங்க சார், வேலய உட்டுடப் போறா," என்று அமலா தினமும் நச்சரிக்கிறாள். பாட்டுதான் முடிவு செய்யும். இந்த நேரத்தில் என்னிடம் சத்தியம் வாங்கினால் அந்தப் பெண் ஆயுசுக்கும் பிளாட்பாரத்தில்தான். ஆகவே நீ வரவேண்டாம், கார் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவி கலைப்பிரியாவை விசாரித்ததாகச் சொல். அம்மன் அருளால் எல்லோரும், முக்கியமாக என்னைப் பைத்தியம் என்பவர்கள், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தெளிந்த புத்தியுடன்,
மணிமாறன்,
தலைமையாசிரியர் (ஓய்வு)

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அமலா வந்தாள். வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டதாம், எப்போது திரும்புமோ தெரியாதாம். மாற்று வண்டியில் ஸ்பீக்கர் கிடையாது, விசில்தான். அதற்கும் எழுதிப் பார்த்தேன். விசில் ஊத ஊத ரயில் கிளம்பிவிடுகிறது, சங்கவிக்கு யோசிக்கவே நேரமில்லை. மேல்மலையனூரில் அமாவாசையன்று பம்பையும் உடுக்கையும் விடிய விடிய அடிப்பார்களாமே? காரை எடுத்துக்கொண்டு ஜல்தி வா. எனக்குப் பிடித்திருப்பது பேய்தான் என்று உன் அக்காவிடம் அடித்துச் சொல். வரும்போது ரெண்டு பேனா வாங்கி வா.