காலி நாற்காலிக்கு ஒரு தேநீர்

குடும்பத்தில் அவருக்கு ‘ஒத்திகை’ என்றே பெயர். தீயணைப்புத் துறையில் இருந்த காலத்தில், பற்றாத தீக்கு மணியடித்து, அலுவலகங்களிலிருந்து மக்களைப் படியிறக்கிப் பழக்குவது அவர்தம் பணி. ஓய்வு பெற்ற பின்னும் அப்பழக்கம் அவரை விடவில்லை. எங்கே செல்வதானாலும் முன்னதாக ஒருமுறை தனியே சென்று பார்த்துவிடுவார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாளே மருத்துவமனைக் கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்து, செவிலியரிடம் வசவு வாங்கியவர் அவர்.

சிகிச்சைக்குப் பின் அவரைக் கவனித்துக்கொள்ள வந்தவர், மருமகளின் தாயாராகிய சம்பந்தியம்மாள். மகனும் மருமகளும் வேற்றூரில் வேலையில் இருந்தனர். மனைவிக்கோ இடுப்புப் பிடிப்பு. “இன்னும் நாலு எட்டு, சம்பந்தி! அவ்வளவுதான்!” என்று ஏய்த்து ஏய்த்தே, தெருமுனை வரை அவரைக் கைத்தடியோடு நடக்க வைத்துவிட்டார் அந்த அம்மாள்.

அதற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் தேநீர் விருந்து வைக்கலாமென்றால், அதையும் அந்த அம்மாளே எழுந்து சென்று போட்டுவிடுவார். ஒரு நாளேனும் அவரை உட்கார வைத்துப் பிறர் கையால் தேநீர் தர வேண்டும். இப்பெருநகரில் அதற்குத் தக்க இடம் எது?

‘நடைப்பயிற்சி’ என்று சொல்லிவிட்டு ஒத்திகை புறப்பட்டார்.

முதலில் பார்த்தது, உயரமான ஓட்டலின் உச்சியில் மெல்லச் சுழலும் கூடம். கைத்தடியைச் சாளர ஓரத்தில் சார்த்திவிட்டு அமர்ந்தார். சற்று நேரத்தில் தடியைக் காணவில்லை.

“தம்பி, என் தடி எங்கே?”

“அது அங்கேயேதான் இருக்கு சார். நீங்கதான் போயிட்டீங்க.”

கூடம் ஒரு சுற்றுச் சுற்றி அவரைத் தடியிடம் கொண்டு சேர்க்கும்வரை, கோப்பை கோப்பையாகத் தேநீர் அருந்த வேண்டியதாயிற்று.

வீடு திரும்பியதும் சம்பந்தியம்மாள் மாலைத் தேநீரை நீட்டினார். பாதிக்குமேல் இறங்கவில்லை.

“டீ நல்லா இல்லையா, சம்பந்தி?”

“சேச்சே! வயிறு கொஞ்சம் மந்தம்.”

மறுநாள் வயிற்றுக்கென்றே இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வைத்தார் சம்பந்தியம்மாள். ஒத்திகையோ அன்று ஒரு புத்தகக் கடையின் தேநீர் அறைக்குச் சென்றிருந்தார். அங்கே நாற்காலி இல்லை, தரையில் மெத்தை. உட்கார்ந்தவரால் எழ இயலவில்லை. பணியாளர் இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினர். தூக்கியவர்களின் மனம் கோணாதிருக்க இன்னொரு கோப்பையும் பருகிவிட்டு வந்தார். இஞ்சித் தேநீரைக் குடிக்க வயிற்றில் இடமில்லை. யாரும் பாராத வேளையில் பூந்தொட்டியில் ஊற்றினார்.

மனைவி பார்த்துவிட்டார். “தொட்டிச் செடிக்கும் வயித்து மந்தமா?”

மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை உருவினார்.

“இது என்ன? டாக்டர் சர்க்கரையைத் தொடக் கூடாதுன்னாரே!”

“வழியில கிடந்தது.”

“இன்னிக்குச் சர்க்கரை கிடந்துச்சு. நாளைக்குக் கேக்கு கிடக்குமாக்கும்!”

காலையில் காய்கறி வாங்கச் சென்று, அன்றும் வெறும் பையோடு திரும்பியிருந்த சம்பந்தியம்மாள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். தொட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. இரவு உணவின்போது, “சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன். உங்களுக்குத்தான் நல்லா நடக்க வந்துடுச்சே, சம்பந்தி” என்றார்.

நன்றி சொல்லப் போய், மனத்தை நோகடித்தாயிற்று.

இனித் தவறக் கூடாதென்று, மறுநாள் ஏரிக்கரைத் தேநீர்த் தோட்டத்தைப் பார்த்து வந்தார். எங்கும் கைப்பிடியில்லா நாற்காலிகளே. ஆயினும் ஒரு மரத்தடி மேசையில் மட்டும், யாரோ ஒரு புண்ணியவான், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். முழங்காலுக்கு அத்தனை இதம்! அதில் அமர்ந்து, எதிரேயிருந்த காலி நாற்காலியை நோக்கி, “சம்பந்தியம்மா, உங்களுக்கு ரொம்ப நன்றி!” என்று சொல்லிப் பார்த்தார். பழக்கத்தால் அது கட்டளைக் குரலாக வெளிப்படவே, பக்கத்து மேசைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வாயிற்புறம் ஓடலானார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மனைவியையும் சம்பந்தியம்மாளையும் அழைத்தார். “ஏரிக்கரைத் தோட்டத்துக்குப் போய் டீ குடிக்கலாம், வாங்க.”

சம்பந்தியம்மாளின் முகம் மாறிற்று. “அங்கேயா?”

“ஏன், பிடிக்காதா?”

“இல்ல… போலாம்.”

தோட்டத்தில் பரிமாறுபவர் தொலைவிலேயே கண்டுகொண்டார். “வாங்க சார்! அதே மேசைதானே?”

“அதே மேசையா?” என்றார் மனைவி. “சர்க்கரை கிடக்கிற வழி இதுதானா?”

மூவரும் அமர்ந்தனர். ஒத்திகை தொண்டையைச் செருமினார். ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் வரவில்லை. “அது… வந்து…” என்றார். சம்பந்தியம்மாளும் எதையோ சொல்ல வாயெடுத்து, மேசை விரிப்பின் ஓரத்தை மடிக்கத் தொடங்கினார்.

கோப்பைகளை வைத்த பரிமாறுபவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லவேளை, ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்தீங்க! சார், நீங்க உட்கார்ந்திருக்கிற கைப்பிடி நாற்காலியை இந்த அம்மாதான் தேடிப் பிடிச்சு இங்க போடச் சொன்னாங்க. தினம் காலையில காய்கறிப் பையோட வருவாங்க, அதுல உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பார்ப்பாங்க. அப்புறம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, ‘என்னைக் கூப்பிட்டதுக்கு நன்றி, சம்பந்தி. தனியா இருந்து இருந்து எனக்குப் பேச்சே மறந்து போயிருந்துச்சு’ன்னு சொல்லிப் பார்த்துட்டுப் போவாங்க.”

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்பது முதலில் புலப்படவில்லை. பிறகு சிரிப்பு வெடித்து வெளிவந்தது. மனைவி, தம் பங்கு சர்க்கரையைக் கணவர் பக்கம் சற்றே நகர்த்தி வைத்தார்.

ஒத்திகை கோப்பையைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு ஊருக்குப் போக வேணாம், சம்பந்தியம்மா. சாயங்கால டீ நம்ம வீட்டுலதான். நான் போடறேன்.”

“நீங்க டீ போட்டதே இல்லையே!” என்றார் மனைவி.

“ஒத்திகை பார்க்காமலே போடறேன்” என்றார் அவர்.